உங்களுக்குத் தெரியுமா? சிரித்தே உயிர் வாங்கும் கொல்லிப்பாவை

கொல்லிமலைப் பாவை சிரித்து மயக்கியே ஆளைக் கொன்றுவிடுவாள் என்பது பழங்கதை. சங்கக் காதலனோ தன் காதலியின் அழகுக்கு அவளைத்தான் உவமை சொன்னான்!

• காற்றும் மழையும் மோதினாலும், இடியே விழுந்தாலும், நிலம் நடுங்கினாலும் அவள் வடிவு குலையாது என்கிறது நற்றிணை. என்ன ஒரு கற்பனை!

• கொல்லிமலை சங்ககால மன்னன் வல்வில் ஓரியின் மலை. குறுந்தொகையில் கபிலரும் பரணரும் பாவையைப் பாடியிருக்கிறார்கள்.

• ஆளைக் கொல்லும் இந்தப் பாவைக்கு நேர்மாறாக, வேல்ஸ் நாட்டுப் பழங்கதையில் வரும் ஏரித் தேவதை இளகிய மனசுக்காரி. உழவர் வீட்டுப் பையனையே கட்டிக்கொண்டாள். காரணமில்லாமல் அவன் மூன்றாம் முறை அடித்ததும், சீதனமாக வந்த மாடுகளோடு ஏரிக்கே திரும்பிவிட்டாள்.

• கொல்லிமலை எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்று பலர் இன்றும் கும்பிடுகிறார்கள்.