நெய்வேலி சுரங்கம் ஏன் படிக்கட்டு மாதிரி இருக்கு? பதில் ஸ்கூல் கணக்கில்!

"தெரியாத கோணத்தைக் கண்டுபிடி" என்றதும் பலருக்கும் தேர்வு ஹால்தான் ஞாபகம் வரும். 'இதை வெச்சு என்ன பண்றது' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, கடலூர் மாவட்டத்தில் பெரிய பதிலே இருக்கு: நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்.

1956-ல் தொடங்கிய என்.எல்.சி நிறுவனத்தின் சுரங்கங்கள் இங்கே திறந்தவெளிச் சுரங்கங்கள். மேல் மண்ணை ராட்சத சக்கர இயந்திரங்கள் சுரண்டி எடுத்த பிறகுதான் நிலக்கரியே கண்ணில் படும். அவ்வளவு ஆழத்துக்கு ஒரே செங்குத்துச் சுவராக வெட்டினால் மண் சரியும். கீழே வேலை செய்பவர்களின் உயிருக்கே ஆபத்து. மழைத் தண்ணீர் ஊறினால் இன்னும் மோசம். அதனால்தான் ஒரு சரிவு, கொஞ்சம் சமதளம், மறுபடி ஒரு சரிவு என்று வெட்டுகிறார்கள். இந்தப் படிக்கு 'பெஞ்ச்' என்று பெயர்.

கோணம் எங்கே வருது?

ஒரு சரிவு தரையோடு 60° என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காக எடுத்த எண், நிஜத்தில் மண்ணைப் பொறுத்து மாறும்.) மேலே உள்ள சமதளத்தின் அகலமும் சரிவின் நீளமும் சமம். சரிவின் அடியிலிருந்து, சமதளம் முடியும் இடத்துக்கு ஒரு கோடு போடுங்க. அந்தக் கோடு தரையோடு எத்தனை டிகிரி?

கீழ்த்தரையும் மேல் சமதளமும் இணைகோடுகள், சரிவு, குறுக்குவெட்டி. ஒரே பக்கத்து உட்கோணங்களின் கூடுதல் 180°. ஆக, மேல் முனையில் 180 - 60 = 120°.

இப்போ கிடைத்த முக்கோணத்தில் இரண்டு பக்கம் சமம். மீதி 60°-ஐ இரண்டு கோணங்களும் சமமாகப் பிரித்துக்கொள்ளும்: தலா 30°. சரிவின் அடியில் இருந்த 60°-ல் 30° முக்கோணத்துக்குள் போய்விட்டது. தரைக்கும் கோட்டுக்கும் நடுவே மிச்சம் 30°. ஒன்றுவிட்ட கோணம் என்று பார்த்தாலும் அதே விடைதான்.

அதாவது, ஒவ்வொரு படியும் 60°-ல் செங்குத்தாகத் தெரிந்தாலும், இதே அளவில் அடுத்தடுத்து படிகள் வெட்டினால் மொத்தச் சுவரின் சாய்வு 30°தான்!

சமதளத்தைக் குறைத்தால் என்ன?

பாதியாக்கினால் மொத்தச் சாய்வு சுமார் 41° ஆகிவிடும் (இதற்கு 10-ம் வகுப்பு முக்கோணவியல் தேவை). சரிவு அபாயம் கூடும். சரி, அகலப்படுத்தலாமே? சாய்வு குறையும், ஆனா அள்ள வேண்டிய மண்ணும் தேவைப்படும் நிலமும் கூடும். நிலம் எடுப்பதே பெரிய பிரச்சினையாக இருக்கும் நெய்வேலி வட்டாரத்தில், ஒவ்வொரு டிகிரிக்கும் விலை இருக்கு.