எலி வெட்டைக் காட்டிய விசிறி

மன்னார்குடிப் பக்கம் ஒன்பது மாவில் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறேன். ஆளுயரப் பயிர். வரப்பில் நின்று பார்த்தால் பச்சைப் பசேல்னு இருக்கும். அறுக்க இறங்கினால்தான் நடுவயலில் எலி வெட்டின திட்டு தெரியும். எலி ஓரத்தை விட்டுவிட்டு உள்ளேதான் வெட்டும். போன வருஷம் அப்படியே மூட்டைக்கணக்கில் போச்சு. விஷம் வைக்கிற பழக்கம் நம்மகிட்ட இல்லை. கிட்டி வைக்கலாம், ஆனா எந்த இடத்துல?

பாலிடெக்னிக் படிக்கிற அக்கா மகன்தான், "மேலேருந்து படம் எடுத்துப் பாத்துடலாம் மாமா" என்றான். 450 மி.மீ. சட்டம், நாலு மோட்டார், ஒரு பழைய கேமரா. வீட்டுத் திண்ணையிலேயே பூட்டினோம். அந்த மோட்டாருக்கு உரியது 10 அங்குல விசிறி. கேமரா பாரம் ஏறினதும் தூக்கத் திணறிச்சு. நான்தான், "பெரிய விசிறியாப் போடுடா மாப்ள" என்றேன்.

12 அங்குலம் மாட்டினோம். ரெண்டு நிமிஷத்தில் மோட்டார் தொட முடியாத சூடு. ஒன்று கருகியே போச்சு. கணக்கு அப்புறம்தான் புரிஞ்சது. அதே வேகத்தில் சுற்றினால் 12 அங்குல விசிறி இரண்டு மடங்கு தூக்கும். ஆனால் மோட்டார் மேல் விழும் பாரம் இரண்டரை மடங்கு. கன்னுக்குட்டியை ஏரில் பூட்டின கதை! மெதுவாகச் சுற்றும் மோட்டார், அதாவது கேவி எண் குறைந்தது, இருந்தால்தான் பெரிய விசிறி சரிப்படும். புது மோட்டார் வாங்கக் காசில்லை. திரும்ப 10 அங்குலத்துக்கே வந்து, கேமராவின் கூட்டைக் கழற்றி, இரும்புக் காலுக்குப் பதில் மூங்கில் சிம்பு வைத்து எடையைக் குறைத்தோம்.

பறந்தது. படம்தான் தண்ணியில் பார்த்த மாதிரி நெளிஞ்சது. விசிறியின் நடு ஓட்டை பெரிசு, மோட்டார் தண்டு சின்னது. கூட வந்த பிளாஸ்டிக் வளையத்தைத் தொலைத்துவிட்டு, நான் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தேன். அதனால் விசிறி மையத்தில் உட்காரவில்லை. சரியான வளையம் போட்டோம். பிறகு நேரான கம்பியை ஓட்டையில் இறுக்கமாகச் செருகி, சம உயரமுள்ள ரெண்டு டம்ளர் மேல் வைத்துப் பார்த்தோம். கனமான இறக்கை கீழே இறங்கும். லேசான இறக்கையின் அடியில் செலோ டேப் துண்டு ஒட்டணும், படுத்த மாதிரி நிற்கும் வரைக்கும். கீறல் விழுந்த விசிறியைத் தூக்கிப் போட்டுடுங்க, ஒட்டாதீங்க.

இன்னொண்ணு: மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்க்கும்போது விசிறி மாட்டியிருக்கவே கூடாது. மாப்ள கையில் மூணு தையல். அக்கா இன்னமும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அப்புறம், 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராமுக்கு மேலிருந்தால் பதிவு எண் வேணும். பொருள் வாங்குமுன்பே அதை விசாரிச்சுக்குங்க.

பொதிப் பருவத்தில் ஒரு காலையில் காற்றில்லாத நேரம் பார்த்து ஏற்றினோம். ஏழு திட்டு தெரிஞ்சது, வடக்கு வயலில் மட்டும் நாலு. கிட்டி வைக்கிறவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல வளை தெரியலியே தம்பி" என்றார். வளையை அவரே தேடிக் கண்டுபிடித்தார். திட்டைச் சுற்றி நாற்பது கிட்டி. முதல் ராத்திரி பதினோரு எலி.