ஊதிய உயர்வைக் கேட்கும் முறை

தாணே நகரில் இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய இடங்களிலிருந்து இடவசதியை நாடிப் பெயர்ந்தோர் ஒரு சாரார்; தமிழ்நாட்டிலிருந்து நேரே வேலைக்கு வந்த இளைஞர் மற்றொரு சாரார். கோட்பந்தர் சாலையை ஒட்டியும், வாக்ளே தொழிற்பேட்டையிலும், தாணே–வாஷி இருப்புப் பாதையில் உள்ள ஐரோலியிலும் தகவல் தொழில்நுட்ப நிலையங்கள் பல உள்ளன. நம் இளைஞர் பலருக்கு முதல் உத்தியோகம் இங்கேதான் அமைகிறது. ஓராண்டு, ஈராண்டு கழிந்ததும் அவர்கள் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது: சம்பளத்தை உயர்த்தித் தருமாறு கேட்கலாமா? கேட்பதாயின் எவ்வாறு கேட்பது?

வீட்டுப் பெரியவர்களிடம் வினவினால், "வேலையை ஒழுங்காகப் பார், உயர்வு தானாக வரும்" என்பார்கள். அவர்கள் காலத்தில் அது பொருத்தமான விடையே. பம்பாய்க்கு வந்த நம்மவருள் பலர் குமாஸ்தாக்களாகவும், சுருக்கெழுத்தாளர்களாகவும், கணக்கர்களாகவும் இரயில்வேயிலும் வங்கிகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் அமர்ந்தனர். அங்கே ஊதிய விகிதம் என ஒன்று உண்டு. ஆண்டுதோறும் இவ்வளவு உயர்வு என்பது முன்னரே எழுதப்பட்டிருக்கும். 1946-இல் நீதிபதி வரதாச்சாரியார் தலைமையில் அமைந்த முதல் ஊதியக் குழு, மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 30 ரூபாய், பஞ்சப்படி 25 ரூபாய், ஆக 55 ரூபாய் என்று வகுத்தது. வங்கி ஊழியர்க்கு 1966-இல் முதல் இருதரப்பு ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆகவே அந்நாளிலும் உயர்வு தானாக வந்ததில்லை. குழுக்களின் முன்னும் நிர்வாகத்தின் முன்னும் சங்கங்கள் வாதாடின; தனி மனிதர் மேலதிகாரியின் அறைக்குச் சென்று கேட்கவேண்டிய தேவை எழவில்லை.

மென்பொருள் நிலையங்களின் நிலை வேறு. அங்கே பொதுவாக விலைவாசிக் குறியீட்டெண்ணைத் தொடர்ந்து ஏறும் பஞ்சப்படி இல்லை. ஊழியர் சார்பில் ஒப்பந்தம் பேசும் சங்கமும் பெரும்பாலும் இல்லை. முன்பு பலர் கூடிக் கேட்டதை இன்று ஒருவர் தனித்து நின்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆதலால் கேட்கும் முறையை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று நியமனக் கடிதம் கூறுவதாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு அது 30,000 ரூபாய். ஆனால் இது நிறுவனம் நமக்காகச் செய்யும் மொத்தச் செலவேயன்றி, கைக்கு வரும் பணமன்று. அடிப்படைச் சம்பளம் இதில் பாதியாயின், நிறுவனத்தின் வருங்கால வைப்பு நிதிப் பங்கு 1,800 ரூபாய். நமது பங்கு 1,800. பணிக்கொடைக்கான ஒதுக்கீடு ஏறத்தாழ 720. மகாராஷ்டிர அரசின் தொழில் வரி 200. இவை போக ஏறத்தாழ 25,480 ரூபாய் கையில் நிற்கும். நூற்றுக்கு 6 வீதம் உயர்வு என்று கடிதம் வந்தால், 1,800 ரூபாய் கூடியதுபோல் தோன்றும். கைக்குக் கூடுவதோ சுமார் 1,540 தான். வீட்டு வாடகை, உணவு, ஊருக்கு அனுப்பும் பணம் யாவும் சேர்ந்து மாதச் செலவு 24,000 என்றும், விலைவாசி நூற்றுக்கு 5 வீதம் ஏறியது என்றும் கொண்டால், அவ்வேற்றமே 1,200 ரூபாயை விழுங்கிவிடும். மிஞ்சுவது 340 ரூபாய்.

மற்றொன்றையும் கருதவேண்டும். ஒவ்வோர் ஆண்டின் உயர்வும் முந்திய ஆண்டின் சம்பளத்தின்மேல் கணக்கிடப்படுகிறது. 30,000 ரூபாயில் தொடங்கிய இருவருள் ஒருவருக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு 6-உம், மற்றவருக்கு 10-உம் கிடைத்தால், ஐந்தாம் ஆண்டின் முடிவில் முன்னவர் ஏறத்தாழ 40,150 ரூபாயும், பின்னவர் 48,300 ரூபாயும் பெறுவர். தொடக்கத்தில் கூச்சத்தால் விட்டது ஆண்டுதோறும் வளர்ந்து நிற்கும் இழப்பாகிறது.

இனி, எப்பொழுது கேட்பது? பல நிறுவனங்களின் கணக்காண்டு மார்ச்சில் முடிகிறது. உயர்வுக்கென ஒதுக்கிய தொகை முன்கூட்டியே பிரிவு பிரிவாகப் பங்கிடப்படுகிறது. உயர்வுக் கடிதம் வந்த பின்னர் கேட்டால், பங்கிட்டு முடிந்த பந்தியில் இலை போட்டு அமர்ந்ததுபோல் ஆகும். மதிப்பீடு தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே பேசிவிடல் நன்று. பயிற்சிக் காலம் முடியும் முன்னர் கேட்பது பொருந்தாது.

யாரிடம் கேட்பது? நம் வேலையை நாள்தோறும் காணும் மேலாளரிடமே முதலில் கேட்கவேண்டும். அவர் தமக்கு மேற்பட்டவரிடம் சென்று நமக்காக வாதாட வேண்டியவர். நாம் அவருக்கு அளிக்க வேண்டியது அவ்வாதத்துக்கான ஆதாரம். செய்த வேலைகளை ஒரே பக்கத்தில் எழுதித் தரலாம். "கடுமையாக உழைத்தேன்" என்பதால் பயனில்லை. "கையால் நான்கு மணி நேரம் தொகுத்த அறிக்கையை இப்பொழுது பத்து நிமிடத்தில் முடிக்கும் நிரலை எழுதினேன், புதிதாகச் சேர்ந்த இருவரைப் பழக்கினேன், வாடிக்கையாளர் பாராட்டி எழுதிய கடிதம் இது" என்பவை எடுபடும். இத்தகைய குறிப்புகளை மாதந்தோறும் எழுதி வைத்தல் வேண்டும். ஆண்டு முடிவில் நினைவுகூர முயன்றால் பாதி மறந்துபோகும்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது பழமொழி. அலுவலகத்தில் அது செல்லாது. தாணேயின் வாடகையும், தங்கையின் திருமணமும், ஊரில் வாங்கிய கடனும் நமக்கு மெய்யான பாரங்களே. ஆயினும் அவற்றை எடுத்துரைத்தால் கோரிக்கை இரக்கத்தை நாடியதாகிவிடும். இரப்பது வேறு, உழைப்பின் மதிப்பை எடுத்துரைத்துக் கேட்பது வேறு. பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளத்தைச் சுட்டுவதும் தகாது. இதே திறமைக்குப் பிற நிறுவனங்கள் பொதுவாக அளிப்பது இவ்வளவு என்று விசாரித்தறிந்து, ஒரு தொகையைத் தெளிவாகக் கூறலாம்.

நம்மவர்க்கே உரிய இடர் ஒன்றுண்டு. இந்நிலையங்களில் மேலாளரைப் பெயர் சொல்லி அழைப்பர். தம் வேலையைத் தாமே எடுத்துரைப்பர். மூத்தோர் முன் அடங்கி நிற்கப் பழகிய நம் இளைஞர் அதைத் தற்புகழ்ச்சி என்றெண்ணி மௌனம் காக்கின்றனர். மொழித் தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. மரியாதை குன்றாமல் உண்மையைச் சொல்வது தற்புகழ்ச்சி ஆகாது. சொல்ல வேண்டிய ஐந்தாறு வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி, பலமுறை உரக்கப் பேசிப் பழகினால் தயக்கம் பெரிதும் நீங்கும்.

மறுமொழி "இல்லை" என்று வந்தால் சினந்து எழுந்துவிடலாகாது. "எதைச் செய்தால், எந்த மாதத்தில் இதை மீண்டும் ஆராய்வீர்கள்?" என்று பணிவுடன் வினவி, அவர் கூறியதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட வேண்டும். பயிற்சிக் கட்டணம், மேலான திட்டத்துக்கு மாற்றம் ஆகியவற்றையும் கேட்கலாம். வேறிடம் போய்விடுவேன் என்னும் சொல், மெய்யாகவே போகத் துணிந்தவர் மட்டும் சொல்லத்தக்கது. அவரும் முன்னறிவிப்புக் காலம் எத்துணை நாள், பயிற்சி ஒப்பந்தம் ஏதேனும் உண்டா என்று நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். 90 நாள் முன்னறிவிப்புக் கேட்கும் நிறுவனங்களும் உள.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகனோ மகளோ உயர்வு கேட்கப்போவதாகச் சொன்னால், "கிடைத்த வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே" என்று அச்சுறுத்த வேண்டா. தாம் பெற்ற ஊதிய விகிதத்துக்காகச் சங்கங்கள் எத்தனை முறை மனுச் செய்தன என்பதை எடுத்துரைத்து, ஞாயிற்றுக்கிழமையன்று அந்த ஒரு பக்கக் குறிப்பைப் பிள்ளைகளுடன் அமர்ந்து படித்துப் பார்ப்பார்களாக.