வெளிச்சம் வரும் திசை

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை தென்படும். போட்டோக் கலையில் வெளிச்சத்தின் திசையைக் கற்க விரும்பும் நேயர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமா? சம்பளமும் கட்ட வேண்டியதில்லை!

காலையில் சூரியன் நமக்குப் பின்னால் இருக்கிறான். ஒளி மலைமீது நேராக விழுவதால் மரமும் பாறையும் துலக்கமாகத் தெரிகின்றன. ஆனால் நிழல்கள் மறைந்துவிடுவதால், மலை திரைச்சீலையில் எழுதிய சித்திரம்போல் தட்டையாகிவிடுகிறது. மாலையிலோ சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிறான். மலை கருநிழலாகி, அதன் விளிம்பு மட்டும் பொன்னாக ஒளிர்கிறது; காண்போர் உள்ளத்தில் இனந்தெரியாத ஏக்கம் பிறக்கிறது.

மனித முகத்துக்கும் இதே விதிதான். உச்சி வெயிலில் கண்குழிகள் இருண்டு, சாந்தமான முகமும் களைத்துத் தோன்றும். வாசற்படியருகே ஒரு பக்கமாக வரும் ஒளியோ கன்னத்தின் சுருக்கத்தையும் கண்ணின் கனிவையும் ஒருங்கே காட்டும்.

இது வெறும் அழகு விஷயமன்று. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் போட்டோக்களும் உண்டு. மூக்கையும் மண்டையையும் அளந்து மக்களை வகைப்படுத்திய காலம் அது. அந்த நோக்கத்துக்கு முகத்தின் அமைப்புத் தெரிந்தால் போதும். மனம் தெரிய வேண்டியதில்லை.

கல்வராயன் மலையில் 'மலையாளி' என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழே. காமிராவுடன் அங்கே செல்லும் இளைஞர்கள் முதலில் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்கட்டும். பிறகு நல்ல வெளிச்சத்துக்காகச் சற்றுக் காத்திருக்கட்டும். எடுத்த படத்தின் பிரதி ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிட்டு வருவதுதான் மரியாதை.