மொய் நோட்டும் கட்சிக் கணக்கும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் கூறிச் சென்ற பழமொழி. திரும்பி வாராத பொருளுக்கே அளவு வேண்டுமென்றால், திரும்பி வரவேண்டிய பொருளுக்குக் கணக்கு வேண்டுமென்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இதைக் கண்ணாரக் காண விரும்பும் நேயர்கள், முகூர்த்த நாளொன்றில் பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடிப் பக்கம் ஏதேனும் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சென்று பார்த்தால் போதும். வாயிலருகே ஒரு மேஜை. அதன் பின் இருவர். ஒருவர் பணத்தை எண்ணிப் பையில் போடுகிறார். மற்றவர் கொடுத்தவரின் பெயர், ஊர், தொகை மூன்றையும் நோட்டில் எழுதுகிறார். 101 ரூபாய் கொடுத்த கூலிக்காரருக்கும் ஒரு வரி. 5,000 ரூபாய் கொடுத்த வியாபாரிக்கும் ஒரு வரி. எவரும் இதை அவமதிப்பாகக் கருதுவதில்லை. ஏனெனில் மொய் என்பது வெறும் தானமன்று. பின்னொரு நாள் திருப்பிச் செய்யவேண்டிய கடன். யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை மறவாதிருக்கவே அந்த நோட்டு.

அரசியல் கட்சிகள் பெறும் நன்கொடையும் இத்தகைய மொய்யே என்பது நமது கட்சி. மண்டபத்தை விட்டு வெளியே வந்து சாலையைப் பாருங்கள். தேர்தல் காலத்தில் கொடிகளும், தோரணங்களும், ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளும் அங்கே நிறைந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் சட்டசபை வேட்பாளர் ஒருவர் செலவு செய்யத்தக்க தொகைக்கு 2022-ஆம் வருஷம் 40 லட்ச ரூபாய் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. ஆனால் அவரை நிறுத்தும் கட்சியின் செலவுக்குச் சட்டம் வரம்பு எதுவும் வகுக்கவில்லை. இவ்வளவு பணமும் யார் கொடுத்தது? எப்பொழுது, எந்த உருவில் திருப்பிச் செலுத்தப்படும்? இந்த வீட்டு மொய் நோட்டு எங்கே இருக்கிறது?

கட்சி வேறு, சர்க்கார் வேறு; கட்சியின் வரவு செலவு அதன் சொந்த விஷயம் என்று சிலர் கூறலாம். இது பொருந்தாத வாதம். சாவடி என்ற சொல்லுக்குச் சுங்கம் வசூலிக்குமிடம் என்றும் ஒரு பொருளுண்டு. இக்காலத்தில் சுங்கம் வாங்கச் சாலையின் குறுக்கே கட்டை போடவேண்டியதில்லை. கரையான்சாவடிக் கடைகளில் பற்பசை வாங்கும் ஏழையும் அதன் விலைக்குள்ளேயே வரியைச் செலுத்திவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். இந்தச் சாவடியை வரியின்றிக் கடந்து செல்லும் உரிமை பெற்றவை அரசியல் கட்சிகள். 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 13-ஏ என்ற பிரிவு 1978-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. அதன்படி கட்சிகளுக்கு வரும் நன்கொடை, வாடகை, வட்டி முதலியவற்றுக்கு வரியில்லை. 2025-ல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் இச்சலுகை இடம்பெற்றிருக்கிறது. 2003-ல் கட்சிகளுக்கு நன்கொடை அளிப்போருக்கும் வரிக்கழிவு வழங்கப்பட்டது. பொக்கிஷத்துக்கு வரவேண்டிய தொகை இவ்வாறு விட்டுக் கொடுக்கப்படும்பொழுது, அக்குறையை நிரப்புவோர் மற்ற பிரஜைகள் அல்லவா? ஆகவே ஒவ்வொரு கட்சிக்கும், தாம் வெறுக்கும் கட்சிக்குங்கூட, ஜனங்கள் அனைவரும் மௌனமாக மொய் எழுதியவர்களே. நோட்டைப் பார்க்க அவர்களுக்கு உரிமையுண்டு.

சட்டமும் இச்சலுகையை இனாமாகக் கொடுத்துவிடவில்லை. கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். தணிக்கை செய்விக்க வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுத்தவரின் பெயரையும் விலாசத்தையும் குறிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. நிபந்தனை ஏட்டில் இருந்தது. நடப்பு வேறாக இருந்தது. சலுகை வந்து பல வருஷங்களாகியும் கட்சிகள் வரிக்கணக்குத் தாக்கல் செய்யாதிருந்ததை 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்துக் கூற நேர்ந்தது.

பின்னர் வெளிச்சத்தைப் பெருக்குவதற்குப் பதிலாக, இருளுக்கே சட்டத்தின் முத்திரை குத்தப்பட்டது. 2017-ஆம் வருஷத்து நிதிச் சட்டத்தின் வழியே தேர்தல் பத்திரங்கள் பிறந்தன. 2018 ஜனவரியில் திட்டம் அமலாயிற்று. பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரையிலான பத்திரங்களை வாங்கி, விரும்பிய கட்சிக்கு அளிக்கலாம். வாங்கியவர் பெயரைக் கட்சி வெளியிட வேண்டியதில்லை. கம்பெனிகள் தம் மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் 7.5 சதவிகிதத்துக்கு மேல் கொடுக்கலாகாது என்றிருந்த வரம்பும் அதே சமயத்தில் நீக்கப்பட்டது. ரிசர்வ் வங்கியும் தேர்தல் கமிஷனும் ஆட்சேபம் தெரிவித்தன, பயனில்லை. ஏறக்குறைய 16,500 கோடி ரூபாய் இந்த வழியில் கட்சிகளைச் சென்றடைந்தது.

2024 பிப்ரவரி 15-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அடங்கிய சுப்ரீம் கோர்ட் பெஞ்சு ஒருமனதாக இத்திட்டத்தை ரத்துச் செய்தது. கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிவது வாக்காளரின் உரிமை. அவ்வுரிமை அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்திலேயே அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் வேண்டுமென்று வங்கி கேட்டது. கோர்ட் மறுத்தது. சில தினங்களில் அத்தனை விவரங்களும் பகிரங்கமாயின. முடியாது என்று சொல்லப்பட்டது, வற்புறுத்திய மாத்திரத்தில் முடிந்துவிட்டது.

வெளிவந்த கணக்கில் எல்லாத் தரப்பினரும் இருந்தார்கள். பாரதிய ஜனதா கட்சி சுமார் 6,986 கோடி ரூபாயும், திரிணமூல் காங்கிரஸ் சுமார் 1,397 கோடியும், காங்கிரஸ் சுமார் 1,334 கோடியும் பெற்றிருந்தன. தமிழ்நாட்டில் தி.மு.க. பெற்றது 656.5 கோடி. அதில் 509 கோடி, தேசத்திலேயே மிக அதிகமான பத்திரங்களை வாங்கிய ஒரு லாட்டரிக் கம்பெனி அளித்தது. லாட்டரிச் சீட்டு விற்பனை 2003-லேயே தடை செய்யப்பட்ட ராஜ்யம் நம்முடையது என்பது நினைவிருக்கட்டும். கொடுத்தவரின் பெயரைக் கேட்டறிந்து தேர்தல் கமிஷனுக்குத் தெரிவித்த மிகச் சில கட்சிகளில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் இருந்தன என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பத்திரமே வேண்டாமென்று மறுத்த மார்க்சிஸ்டு கட்சி போன்றவையும் உண்டு. இன்ன பணத்துக்கு இன்ன கைம்மாறு என்று நாம் எவர் மீதும் குற்றம் சுமத்த வரவில்லை. கைம்மாறு இருந்ததா, இல்லையா என்று ஜனங்கள் கேட்பதற்காவது பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நாம் சொல்வது.

இவ்விஷயத்தில் ஒரு கட்சியைப் பழித்து மற்றொன்றைப் புகழ இடமில்லை. அயல்நாட்டுத் தொடர்புள்ள கம்பெனிகளிடம் பணம் பெற்றதன் மூலம் பாரதிய ஜனதாவும் காங்கிரசும் சட்டத்தை மீறின என்று 2014-ல் டில்லி ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் சட்டமே மாற்றப்பட்டது. 2018-ஆம் வருஷத்து நிதிச் சட்டம் அம்மாறுதலை 1976 முதலே அமலுக்கு வந்ததாக ஆக்கிவிட்டது! மேடையில் ஒருவரையொருவர் தூற்றுவோர் கணக்கென்று வந்தால் சகோதரர்களாகிவிடுகிறார்கள். ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட பொது ஸ்தாபனங்களே என்று மத்தியத் தகவல் கமிஷன் 2013 ஜூனில் உத்தரவிட்டபோதும் அவை அதற்கு இணங்கவில்லை.

எதிர்வாதத்தையும் கவனிப்போம். எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரை ஆளுங்கட்சி பழிவாங்காதா? வாக்குச்சீட்டு ரகசியமாயிருக்கும்போது நன்கொடை மாத்திரம் ஏன் ரகசியமாயிருக்கலாகாது? இந்த அச்சம் முற்றிலும் வீணானதன்று. மாதச் சம்பளத்தில் 200 ரூபாய் கொடுக்கும் தொழிலாளியின் பெயரைச் சுவரில் ஒட்ட வேண்டுமென்று நாமும் கூறவில்லை. ஆனால் வாக்கின் ரகசியம் எளியவரை வலியவரிடமிருந்து காப்பாற்றுகிறது. கோடிகளின் ரகசியம் வலியவரை எளியவரின் கேள்வியிலிருந்து காப்பாற்றுகிறது. இரண்டும் ஒன்றல்ல. தவிர, சர்க்காரின் பிடியிலுள்ள வங்கிக்குத் தெரிந்த பெயர், வாக்காளருக்கு மட்டும் தெரியாமலிருந்ததை ரகசியம் என்றுதான் சொல்ல முடியுமா?

பத்திரங்கள் ஒழிந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. 2013 முதல் தேர்தல் டிரஸ்டுகள் இருக்கின்றன. பல கம்பெனிகள் ஒரு டிரஸ்டுக்குக் கொடுக்க, டிரஸ்டு பல கட்சிகளுக்குப் பகிர்கிறது. கொடுத்தவர் பட்டியலும் பெற்றவர் பட்டியலும் கிடைக்கும். ஆனால் பல ஓடைகள் ஓர் ஏரியில் கலந்தபின், எந்த ஓடையின் நீர் எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று எவர் சொல்ல முடியும்? இன்னொரு புறம், பெயருக்கு மாத்திரம் பதிவு செய்துகொண்டு தேர்தலில் நில்லாத கட்சிகள் பல. தொடர்ந்து ஆறு வருஷம் தேர்தலில் நில்லாத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டிலும், 474 கட்சிகளை செப்டம்பரிலும் தேர்தல் கமிஷன் நீக்கியது; தமிழ்நாட்டுக் கட்சிகளும் அவற்றில் இருந்தன. அமெரிக்காவில் கட்சியென்ற பெயரே இல்லாமல், சமூக நலச் சங்கம் என்ற பெயரில் வரிச்சலுகை பெற்றுத் தேர்தல் பிரசாரத்தில் இறங்கும் ஸ்தாபனங்கள் உண்டு. கொடுத்தவர் பெயரை அவை வெளியிட வேண்டியதில்லை. அந்த வழியும் இங்கே திறவாதிருக்க இப்பொழுதே விழிப்பாயிருக்க வேண்டும்.

சட்டம் முனைந்தால் கடிக்கவும் செய்யும். 2017-18-ஆம் வருஷத்துக் கணக்கை 2018 டிசம்பர் 31-க்குள் தராமல் 2019 பிப்ரவரி 2-ஆம் தேதி தந்ததாலும், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளை ரொக்கமாக வாங்கியதாலும், காங்கிரஸ் கட்சி கோரிய சுமார் 199 கோடி ரூபாய்க்கான வரிச்சலுகை மறுக்கப்பட்டது. 2025 ஜூலையில் வருமான வரி டிரிபியூனலும் அதை உறுதி செய்தது. இந்தக் கண்டிப்பை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமின்றி எல்லோர் வாசலிலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். இல்லையேல் அது நியாயமாகாது, ஆயுதமாகிவிடும்.

பொதுப்பணத்தின் கணக்கு நமக்குப் புதிய பாடமன்று. 1894-ல் நேட்டால் இந்தியக் காங்கிரசை அமைத்த காந்தியடிகள், சிறு தொகைக்கும் ரசீது கொடுக்கச் செய்து, கணக்குகளைப் பழுதின்றி வைத்திருந்ததைச் சத்திய சோதனையில் விவரித்திருக்கிறார். அந்நிய மண்ணில், ஆதிக்கத்தின் நிழலில் இருந்த இந்தியர்களின் சங்கத்தால் முடிந்தது, சுதந்திர தேசத்தில் பெரிய மாளிகைகள் கட்டி வாழும் கட்சிகளால் முடியாதா?

நாம் கேட்பது அதிகமில்லை. பெருந்தொகை கொடுத்தவர் பெயர்கள் தேர்தல் முடிந்த பின்னரன்றி, வாக்களிக்கும் நாளுக்கு முன்னரே வெளிவர வேண்டும். டிரஸ்டு வழியே வரும் பணத்துக்கும் மூலம் தெரிய வேண்டும். கணக்குகள் சாதாரண ஜனங்கள் வாசிக்கத்தக்க தமிழில் கிடைக்க வேண்டும். தவறும் கட்சிக்கு, அது எக்கட்சியாயினும், வரிச்சலுகை தானே நின்றுபோக வேண்டும்.

இவற்றைக் கட்சிகள் தாமாகச் செய்யப்போவதில்லை. கேட்பது வாக்காளரின் பொறுப்பு. அடுத்த முறை கரையான்சாவடியில் கைகூப்பி வரும் வேட்பாளரை, அவர் எக்கட்சியினராயினும், மரியாதையுடன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, உங்கள் கட்சியின் மொய் நோட்டைக் கொஞ்சம் காட்டுவீர்களா?"