ஆனந்தா, குகேஷா? ஒப்பிடுவதற்கு முன் ஒரு கணக்கு

உணவு இடைவேளையில் சதுரங்கக் காய்களை அடுக்கிக்கொண்டே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: “சார், ஆனந்த் பெரிய பிளேயரா, குகேஷ் பெரிய பிளேயரா?” நான் வாய் திறப்பதற்குள் எதிரே இருந்த மாணவி முந்திக்கொண்டாள். “ஆனந்த் 2011ல 2817 வரைக்கும் போனாரு. குகேஷ் 2024ல 2794. அப்ப ஆனந்துதான்.”

அவள் சொன்ன எண்கள் சரி. சிக்கல் அந்த ‘அப்ப’ என்ற சொல்லில் இருக்கிறது.

இந்தப் புள்ளிமுறையை உருவாக்கியவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த அர்பத் ஈலோ. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் இதனை ஏற்றுக்கொண்டது. அடிப்படை எளிது. இருவரின் புள்ளி வித்தியாசத்தை 400ஆல் வகுத்து, வரும் எண்ணை 10இன் அடுக்காகப் போட வேண்டும். வலுவானவர் எதிராளியைப் போல எத்தனை மடங்கு புள்ளி எடுப்பார் என்பது கிடைத்துவிடும். வித்தியாசம் 400 என்றால் பத்து மடங்கு, அதாவது 11 ஆட்டத்தில் 10 புள்ளி. வித்தியாசம் 100 என்றால் நூற்றுக்கு 64. வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை. அடுக்குகளை நடத்தி முடித்த ஒன்பதாம் வகுப்பில் இதைத் தாராளமாகச் செய்து பார்க்கலாம்.

2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியை எடுத்துக்கொள்வோம். கார்ல்சன் 2870, ஆனந்த் 2775. வித்தியாசம் 95. பத்து ஆட்டங்களில் கார்ல்சன் சுமார் 6.3 எடுப்பார் என்கிறது சூத்திரம். அவர் எடுத்தது 6.5. நம் ஊர்க்காரர் தோற்றாரே என்று அன்று வருந்தினோம். கணக்கு அதை முன்பே சொல்லியிருந்தது.

ஆனால் எப்போதும் இப்படி அமையாது. பாபி ஃபிஷர் 1971இல் தைமனோவை 6–0, லார்சனை 6–0 என்று வென்றார். அந்த மட்டத்தில் ஒரு டிராகூட விடாமல் ஆறுக்கு ஆறு என்பது நினைத்துப் பார்க்க முடியாதது. 1972இல் ஸ்பாஸ்கியை எதிர்கொண்டபோது ஃபிஷர் 2785, ஸ்பாஸ்கி 2660. வித்தியாசம் 125. ஒரு ஆட்டத்துக்கு ஃபிஷர் வராமலே தோற்றார். ஆடிய இருபதில் அவர் எடுத்தது 12.5. சூத்திரப்படி எடுத்திருக்க வேண்டியது சுமார் 13.4. நூற்றாண்டின் போட்டி என்று கொண்டாடப்பட்ட அந்த வெற்றியில், ஃபிஷர் தன் அளவுக்குச் சற்றுக் குறைவாகவே ஆடியிருக்கிறார்! இதைக் கணக்கிட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது.

இனி அந்த ‘அப்ப’வுக்கு வருவோம். கார்ல்சன் 2014இல் 2882 தொட்டார். ஃபிஷரைவிட 97 அதிகம். இருவரும் மோதினால் கார்ல்சன் நூற்றுக்கு 64 எடுப்பாரா? அப்படிச் சொல்ல முடியாது. ஈலோ புள்ளி வெப்பமானியின் டிகிரி அன்று. அதே காலத்தில் ஆடும் மற்றவர்களோடு வைத்துப் பார்த்த நிலை மட்டுமே. புதியவர்கள் நுழைவதும் மூத்தவர்கள் விலகுவதுமாகக் குளத்தின் நீர்மட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஃபிஷர் காலத்தையும் கார்ல்சன் காலத்தையும் இணைக்க இடையில் ஆடியவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். ஆனந்த் காஸ்பரோவுடனும் ஆடினார், கார்ல்சனுடனும் ஆடினார். ஆனால் 1995இல் காஸ்பரோவை எதிர்த்தபோது அவருக்கு வயது 25, சென்னையில் 43. எதிரில் 22 வயது இளைஞர். அளவுகோலே நடுவில் மூப்படைந்தால் எதை அளப்பது?

அடுத்தவரைவிட எவ்வளவு முன்னே நின்றார் என்று பார்ப்பது இன்னொரு வழி. ஃபிஷரின் 125 இடைவெளியைக் கார்ல்சன் எட்டவில்லை. ஆனால் இடைவெளி சுருங்குவதற்குப் பின்னால் வருபவர்கள் வலுப்பெற்றதும் காரணமாகலாம். 1950இல் ஃபிடே முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியபோது உலகம் முழுவதற்கும் 27 பேர்தான். ஆனந்த் 1988இல் பட்டம் பெற்றபோது இந்தியாவில் அவரே முதல்வர். குகேஷ் 2019இல் பட்டம் பெறும்போது, இங்கேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருந்தனர். கையில் கணினியும் இருந்தது.

கணினியையே நடுவராக வைத்தால் என்ன? ஸ்லோவேனியாவின் மத்தேய் குயிட், இவான் பிராட்கோ இருவரும் 2006இல் அதைச் செய்தார்கள். உலகச் சாம்பியன் போட்டி ஆட்டங்களை, மனப்பாடமாக ஆடக்கூடிய தொடக்க நகர்வுகளை விட்டுவிட்டு, பன்னிரண்டாம் நகர்விலிருந்து கணினியின் தேர்வோடு ஒப்பிட்டார்கள். மிகக் குறைந்த பிழை 1920களின் சாம்பியன் காபபிளாங்காவுடையது. ஆனால் அவர் சிக்கலற்ற நிலைகளை விரும்பி ஆடியவர். எளிய வினாவில் பிழை குறைவது இயல்புதானே. அந்த ஆய்வாளர்களும் நிலையின் சிக்கலைத் தனியே கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. மிகைல் தால் போன்றவர்கள் வேண்டுமென்றே குழப்பத்தை உண்டாக்கி வென்றவர்கள். கணினி ‘பிழை’ என்று குறிக்கும் அதே நகர்வில்தான் எதிராளி தடுமாறியிருப்பார்.

நம் ஆசிரியர் அறையிலும் இந்தக் கணக்கு அன்றாடம் நடக்கிறது. “அந்த பேட்ச் மாதிரி வராது சார்.” பாடத்திட்டம் மாறியிருக்கும், வினாத்தாள் அமைப்பு மாறியிருக்கும், மதிப்பெண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். அக்காவின் 480ஐச் சொல்லி ஒரு தம்பியை நானே தலைகுனிய வைத்திருக்கிறேன். அக்கா எழுதியது வேறு பாடத்திட்டத்தில். அன்று அது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அந்த மாணவியிடம் சென்னைப் போட்டியின் எண்களைக் கொடுத்தேன். கணக்கிட்டு முடித்து நோட்டை நீட்டினாள். “6.3 வருது சார். ஆனா வெற்றிக்கு ஒண்ணு, டிராவுக்கு அரைதானே? 6.3 எப்படி சார் எடுக்க முடியும்?”

எதிர்பார்ப்பு மதிப்பு மேல்வகுப்புப் பாடம்தான். என்றாலும் அன்று ஒரு நாணயத்தை எடுத்து, வகுப்பு முழுவதையும் மும்மூன்று முறை சுண்டச் சொன்னேன்.