மொழியொன்று, பதிப்பிரண்டு

ஏழை இரண்டால் வகுப்பின் மூன்றரை வரும் என்பது கீழ்வகுப்பு மாணாக்கனும் அறிந்ததே. ஆயின் அவ்வகுத்தலைப் பைதன் என்னும் கணினிமொழியில் எழுதி இயக்குமிடத்து, ஒரு கணினி 3.5 என விடை தரும். அடுத்த மேசையிலுள்ள கணினி 3 என்று கூறி அமைந்துவிடும். எழுதிய வரியில் ஓரெழுத்தும் வேறன்று. வேறுபட்டது, அவ்வரியைப் படித்துப் பொருள்கொள்ளும் மொழிபெயர்ப்பியின் பதிப்பேயாகும்.

கீடோ வான் ரோசம் ஆக்கிய பைதன் 1991 இல் முதன்முதல் வெளிவந்தது. முழுவெண்ணை முழுவெண்ணால் வகுக்குமிடத்து விடையும் முழுவெண்ணாகவே இருத்தல் அதன் பழைய வழக்கு. 2008 டிசெம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இவ்வழக்கைக் கைவிட்டது. இரண்டாம் பதிப்பின் பேணுகை 2020 ஜனவரி 1 ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டதாயினும், பழைய கணினிகளில் அது இன்னும் குடியிருக்கின்றது.

தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றற்கு இளம்பூரணர் ஒருவாறும் சேனாவரையர் மற்றொருவாறும் பொருள் கூறுதலைக் கற்றோர்க்கு இது வியப்பன்று. ஆனால் சேனாவரையர் முன்னையோர் உரையை மறுக்குமிடத்து அதனை எடுத்துச் சொல்லியே மறுப்பர். கணினியோ வாய் திறப்பதில்லை.

அச்சிடற் கட்டளையை அடைப்புக்குறியின்றி எழுதிய பழைய செய்நிரலை மூன்றாம் பதிப்பு வழுவெனக் காட்டி நின்றுவிடும். இஃது ஆரவாரமான பிழை. ஆதலின் பெருந்தீங்கு விளையாது. வகுத்தற் பிழை அத்தகையதன்று. பத்துப் பாடங்களில் ஒருவன் 649 புள்ளியும் மற்றொருவன் 641 புள்ளியும் பெற்றனர் எனக் கொள்வோம். பழைய பதிப்பில் இருவர் சராசரியும் 64 ஆகும்; இருவரும் ஒரே நிலையினர் ஆவர். அறிக்கை அச்சாகி வீடு சென்ற பின்னும் எவரும் அறியார்.

ஆதலின் செய்நிரல் எழுதத் தொடங்குமுன் விருத்திச் சூழல் எப்பதிப்பைக் கையாளுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். விசுவல் ஸ்ரூடியோ கோட் சாளரத்தில் பைதன் கோப்பொன்று திறந்திருக்குங்கால் அடிப்பட்டியில் பதிப்பெண் தோன்றும். அதனைச் சொடுக்கினால், கணினியில் அச்சூழல் கண்டறிந்த மொழிபெயர்ப்பிகளின் பட்டியல் விரியும். பைசார்மில் இத்தெரிவு அமைப்புப் பகுதியில் உள்ளது.

தெரிவு செய்தவுடன் அமைதி கொள்ளலாகாது. பலரும் இடறுவது இங்கேதான். அதே சாளரத்தின் கீழுள்ள முனையத்தில் பைதன் எனத் தட்டெழுதுமிடத்து, இயக்குதளத்தின் தேடற்பாதையில் முதலில் எதிர்ப்படும் பைதனே விழித்தெழும். அது தெரிவு செய்ததாகவும் இருக்கலாம், பிறிதாகவும் இருக்கலாம். எனவே சிஸ் என்னும் தொகுதியிடம் பதிப்பெண்ணையும், இயங்கும் மொழிபெயர்ப்பி உள்ள பாதையையும் வினவும் இரண்டொரு வரிகளை ஈரிடத்தும் இயக்கி ஒப்புநோக்குதல் நன்று.

முழுவெண் ஈவே வேண்டுமிடத்து இரட்டைச் சாய்கோடு இடுக. 2001 இல் வந்த 2.2 ஆம் பதிப்பு தொடக்கம் அதன் பொருள் மாறவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மெய்நிகர்ச் சூழல் அமைப்பதற்கான வசதி 2012 இல் வெளிவந்த 3.3 ஆம் பதிப்பு முதல் பைதனுடனேயே கிடைக்கின்றது. எப்பதிப்பினால் அச்சூழல் ஆக்கப்பட்டதோ அப்பதிப்பே அதனுள் இயங்கும். வேறு பதிப்பு வேண்டுவோர் அதனை நீக்கிப் புதிதாக ஆக்குதலே எளிது.